பிரேக் இல்லாத விமானம்

கப்டன் ஆகி இரண்டாவது வருடத்தில் என்னால் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் போயிற்று.

அதற்கு முன்னால் பத்து வருடத்துக்கு மேல் அதே விமானத்தில் வலது பக்க இருக்கையில் இருந்தேன். எழுபது பேர் ஏறுகிற, இரண்டு புரொப்பெல்லர் வைத்த விமானம். ரொறன்ரோவிலிருந்து காலையில் சட்பரி, திரும்பி வந்து மத்தியானம் ஒட்டாவா, பின்னேரம் இன்னொரு தரம் சட்பரி. இடது பக்க இருக்கைக்கு மாறவேண்டும் என்ற ஒன்றுதான் அவ்வளவு காலமும் மனதில் இருந்தது. மாறினேன். தோளில் நாலாவது கோடு ஏறியது. சொந்தக்காரரைக் கூப்பிட்டு ரோல்ஸ், கட்லட், கேக்கோடு ஒரு சின்னக் கொண்டாட்டமும் வைத்தோம். அடுத்த நாள் காலை சட்பரிக்குப் போனேன். அதே ஓடுபாதை, அதே கோப்பி.

விடுமுறை நாட்களில் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றத் தொடங்கினேன். குசினிச் சுவருக்கு ஒரே வசந்தத்தில் இரண்டு நிறம் அடித்தேன். கடைக்குப் பால் வாங்கப் போனவள் நெடுஞ்சாலையில் ஏறி பிக்கரிங் வரைக்கும் ஓட்டிப்போய், பால் வாங்காமல் வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறேன். என் கணவருக்கு பிறம்ரனில் ஒரு லொறிக் கம்பனியில் வேலை. எந்த லொறி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய நாள். அந்த வசந்தத்தில் வீட்டிலும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப எங்க வெளிக்கிடுறீர்?”

“சும்மா ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன்.”

“சுத்துறதுதானே உம்மடை வேலை. லீவிலையும் சுத்தவேணுமே?”

மே மாதத்தில் ஒரு நாள், சட்பரியிலிருந்து இறங்கி வரும்போது, கீழே ஒரு ஏரியில் வெள்ளைக் கோடு ஒன்று இழுபடுவதைப் பார்த்தேன். கோட்டின் நுனியில் ஒரு மிதவை விமானம். சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு நீளமான அலுமினிய மிதவைகள் பூட்டிய சின்ன விமானம். ஒன்ராறியோவில் அது அதிசயமே இல்லை. கோடைக்கு நூறு தரமாவது கண்டிருப்பேன். அன்றைக்கு மட்டும் அந்தக் கோடு வளைந்த விதம் நெஞ்சுக்குள் எதையோ கிள்ளியது. அந்த ஆளுக்கு ஓடுபாதை இலக்கம் இல்லை. எந்தப் பக்கத்தாலும் வந்து இறங்கலாம்.

என் லைசன்ஸ் விமானிகளுக்குக் கிடைக்கக்கூடியவற்றில் ஆக மேலானது. ஆனால் அதில் தரையில் இறங்குகிற விமானங்கள் மட்டும்தான் இருந்தன. தண்ணீருக்குத் தனியாக ஒரு தகுதி சேர்க்கவேண்டும். அதற்குச் சோதனை எதுவும் இல்லை. சில மணி நேரப் பயிற்சி, பிறகு யாரும் பக்கத்தில் இல்லாமல் ஐந்து தரம் ஏறி இறங்கவேண்டும், அவ்வளவுதான். சிம்கோ ஏரிக்கும் அப்பால் ஒரு சின்ன ஏரியில் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அன்று மாலையே ஃபோன் பண்ணினேன்.

கணவர் சோற்றுக் கோப்பையோடு குசினி வாசலில் நின்று கேட்டார்.

“உது எதுக்கு உமக்கு? சம்பளம் கூடுமோ?”

“இல்லை.”

“கம்பனி கேட்டதோ?”

“இல்லை.”

“அப்ப எதுக்கு?”

எனக்குக் கோபம்தான் வந்தது. எழும்பிப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களைத் திரும்பவும் கழுவினேன்.

பயிற்சி தொடங்க முதல் இன்னொரு வகுப்பு இருக்கிறது என்றார்கள். மிதவை விமானம் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்தால் உள்ளே இருந்து எப்படி வெளியே வருவது என்பது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, எனக்கு நீந்தத் தெரியாது.

சிறுமியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூட நீச்சல் வகுப்பில் என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் மீன்போல இருந்தார்கள். எனக்கு அந்த உடுப்போடு வெளியே வரவே வெட்கம். தலையிடி, வயிற்றுவலி என்று ஒவ்வொரு கிழமையும் ஒன்று சொல்லித் தப்பினேன். முப்பது வருடமாக அது யாருக்கும் தேவைப்படவில்லை. விமானம் ஓட்டுகிறவளிடம் நீந்தத் தெரியுமா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

என் மகளுக்குப் பதினேழு வயது. ஸ்காபரோவில் மாநகர நீச்சல் தடாகம் ஒன்றில் உயிர்காப்பாளராக வேலை செய்கிறாள். இங்கே பிறந்த பிள்ளை. சிவப்பு பெனியனும் கழுத்தில் விசிலுமாக அவளைப் பார்த்தால் என் பிள்ளை என்றே தோன்றாது. அவளிடம் கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“சீரியஸ்லி, அம்மா? யூ ஃப்ளை பிளேன்ஸ். நீந்தத் தெரியாதோ?”

“தெரிஞ்சா உன்னட்டை ஏன் கேக்கிறன்?”

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், ஆட்கள் வர முதல், ஆழமில்லாத பக்கத்தில் என்னை இறக்கினாள். அவளிடம் பொறுமை இருந்தது. அது என்னிடமிருந்து அவளுக்குப் போனதல்ல. தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கவேண்டும் என்றாள். என்னால் முடியவில்லை. தலை உள்ளே போனதும் கை தானாக மேலே வந்து மூக்கைப் பிடித்தது.

“மூக்கை விடுங்கோ. மூச்சை மெல்லமா ஊதுங்கோ. அவசரப்படாதேங்கோ, நோ ரஷ்.”

“நான் அவசரப்படேல்லை.”

“அம்மா, நீங்கள் எப்பவும் அவசரப்படுறனீங்கள்.”

அப்படி ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நான் தலையை உள்ளே விட்டேன். நீல ஓடுகளும் அவளுடைய இரண்டு பாதங்களும் கலங்கலாகத் தெரிந்தன. கால் நகங்களுக்கு மஞ்சள் பூசியிருந்தாள். எனக்கு அது தெரிந்தே இருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே மூச்சு முழுவதையும் ஊதி முடித்தேன்.

விமானம் கவிழ்ந்தால் வெளியே வரும் அந்த வகுப்பில் ஒரு இரும்புக் கூட்டுக்குள் இருக்கை வைத்து, பெல்ற்றால் கட்டி, தடாகத்துக்குள் தலைகீழாகப் புரட்டினார்கள். ஒரு கை கதவுப் பிடியை விடக்கூடாது. மற்றக் கையால் பெல்ற்றைக் கழற்றவேண்டும். மேலே எது, கீழே எது என்று தெரியாதபோது அந்தப் பிடி ஒன்றுதான் வழி. முதல் தரம் பிடியை விட்டுவிட்டேன். மூக்கு வழியாகத் தண்ணீர் ஏறி மண்டைக்குள் நெருப்புப் பற்றியது போல எரிந்தது. பாதுகாப்புக்கு நின்றவர் இழுத்து வெளியே எடுத்தார். இரண்டாம் தரம் விடவில்லை. வெளியே வந்து தடாகத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையிலிருந்து தண்ணீர் வடிந்து முடிய முதலே, அடுத்த கிழமை எந்த நாள் பறக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஜூன் தொடக்கத்தில் அந்த ஏரிக்குப் போனேன். வீட்டிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டம். மர இறங்குதுறையில் அரைக் காற்சட்டையோடு ஒரு இளைஞர் குந்தியிருந்து, மிதவைக்குள் கையால் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார். மிதவைகள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் ஊறும், ஒவ்வொரு காலையும் இறைக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அவர்தான் என் பயிற்சியாளர். முப்பது வயதுகூட இராது. அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்து, “சாப்ட்டேம்மா, அப்புறம் கூப்புடறேன்,” என்று சொல்லி வைத்தார்.

“தமிழோ?” என்று கேட்டேன்.

பம்ப் அவர் கையில் நின்றுபோனது. “கோயமுத்தூருங்க. நீங்க?”

“யாழ்ப்பாணம். இப்ப ஸ்காபரோ.”

“கேப்டன்னு சொன்னாங்க. எதுல பறக்கறீங்க மேடம்?”

சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பசி வந்து போனது. அதை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய வயதில் கண்ணாடியில் நான் பார்த்த முகம்தான் அது.

“மேடம் வேண்டாம். அக்கா எண்டு கூப்பிடுங்கோ.”

“சரிங்க்கா. முதல்ல நான் பேசறேன், நீங்க கேட்டுக்குங்க.”

எங்கள் பக்கத்தில் பேசுவது என்றால் ஏசுவது. சாதாரணமாக வாய் திறப்பதற்குக் கதைப்பது என்போம். “நான் இன்னும் ஒரு பிழையும் விடேல்லையே தம்பி, அதுக்கிடையிலை ஏன் பேசப்போறீங்கள்?” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தியபோது சிரித்துச் சிரித்துத் தண்ணீருக்குள் விழப் பார்த்தார். அன்று மத்தியானத்துக்குள் அவர் என்னை உண்மையாகவே பேசவேண்டி வந்தது.

மிதவை விமானத்தில் பிரேக் இல்லை. எஞ்சினைத் தட்டிக் கிளப்பினால் அது உடனே நகரத் தொடங்கிவிடும். நின்று யோசிக்கலாம் என்பது கிடையாது. காற்றுக்கு மூக்கைத் திருப்பும், தன் பாட்டில் வழுகும், கரை வேண்டுமென்றால் பொறுத்திருந்து அதனோடு இணங்கிப் போகவேண்டும். இருபது தொன்னுக்கு மேல் நிறையுள்ள விமானத்தை மழையிலும் பனியிலும் இறக்கியவள் நான். இந்தச் சின்னப் பூச்சியை என்ன செய்யப்போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

முதல் இறக்கத்தில், என் பெரிய விமானத்தின் உயரத்துக்குப் பழகிய கண், தண்ணீர் வந்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது. மூக்கைத் தூக்கினேன். விமானம் காற்றில் தொங்கி, வேகம் போய், பொத்தென்று விழுந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் கூரைக்கு மேலே எழும்பியது.

“அக்கா, பிரேக் எங்க இருக்கு?” என்று அமைதியாகக் கேட்டார்.

“இல்லை.”

“அப்புறம் ஏன் கால் அழுத்துது?”

குனிந்து பார்த்தேன். இரண்டு பாதமும் கால் பெடல்களை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தன.

கரைக்கு வருவது அதைவிட மோசம். துறையை நெருங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, மிச்ச வேகத்தில் வழுகி வந்து, கதவைத் திறந்து மிதவையில் இறங்கி, கயிற்றோடு துறையில் கால் வைக்கவேண்டும். நான் ஒன்றில் மிகவும் முந்தி நிறுத்தினேன், அல்லது மிகவும் பிந்தினேன். முந்தினால் காற்று எங்களை ஏரிக்குள் திருப்பி அனுப்பியது. பிந்தினால் துறை அதிர்ந்தது. ஒருமுறை நான் “கெதியா, கெதியா!” என்று கத்த, அவர் அப்படியே இருந்து “கெதியான்னா என்னங்க்கா?” என்று கேட்க, அதற்குள் மிதவை துறையில் கட்டியிருந்த ரயரில் மோதிவிட்டது. கெதி என்றால் வேகம் என்று பிறகு சொன்னேன். அதற்குப் பிறகு அவசரமான சொற்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வது என்று இருவரும் முடிவெடுத்தோம்.

நாலு நாள் சட்பரி, ஒட்டாவா. ஒரு நாள் ஏரி. ஏரியிலிருந்து திரும்பி நெரிசலில் ஊர்ந்து வரும்போது அடுத்த தடவையை நினைத்துக் கொதித்தேன். வீட்டில் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்து, காற்று இந்தப் பக்கம், துறை இந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்த்தேன். நித்திரையில் கால் உதைக்கிறேன் என்று கணவர் சொன்னார்.

ஆகக் கஷ்டமானது கண்ணாடித் தண்ணீர். காற்றே இல்லாத நாளில் ஏரி வானத்தை அப்படியே திருப்பிக் காட்டும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது. அப்போது மூக்கை ஒரு கோணத்தில் வைத்து, எஞ்சினுக்குக் கொஞ்சம் விசை கொடுத்து, மிக மெதுவாகக் கீழிறங்க விட்டு, மிதவைகள் தாங்களாகத் தண்ணீரைத் தொடும் மட்டும் எதுவும் செய்யாமல் இருக்கவேண்டும். எதுவும் செய்யாமல் இருப்பது என்பது எனக்குச் செய்யக்கூடிய காரியமா? மேகங்களுக்குள் இறங்குவது போல இருந்தது. தொட்டாயிற்றா, இன்னும் இல்லையா? கை தன்பாட்டில் அசைந்தது.

“விடுங்க. அது தானா வரும்.”

“எப்ப வரும்?”

“தெரியாதுங்க்கா. எனக்கும் தெரியாது. அதான் சும்மா இருக்கோம்.”

இறங்கித் துறையில் இருந்து சாண்ட்விச் சாப்பிடும்போது அவர் என்னைக் கேள்வி கேட்பார். விமானக் கம்பனி நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், சிமுலேற்றரில் எதைப் பார்ப்பார்கள், ஒரு எஞ்சின் நின்றால் முதலில் கை எங்கே போகவேண்டும். அவர் பறந்த மணிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். என் இருக்கையின் பக்கத்து இருக்கைதான் அவருக்கு வேண்டும். எனக்கு அவருடைய இருக்கை வேண்டும்.

“நீங்க எதுக்குக்கா இங்க வந்து கஷ்டப்படறீங்க?” என்று ஒருநாள் கேட்டார்.

“காசு மிஞ்சிப்போச்சு,” என்றேன். அது பொய். அவரும் நம்பவில்லை.

ஜூன் கடைசியில், மிதமான தென்காற்று வீசிய ஒரு காலை, அவர் விமானத்திலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தினார். “அஞ்சு தடவை. என்கிட்ட ரேடியோ இருக்கு. நல்லா பண்ணுவீங்க.” கயிற்றை விட்டார். பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்க விமானம் மளமளவென்று தண்ணீரை விட்டு எழும்பியது. நான் தனியாகக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

முதல் மூன்றும் அழகாக வந்தன. மூன்றாவதில் சின்னத் தீவு ஒன்றுக்குப் பின்னால், துறையிலிருந்து தெரியாத குடாவுக்குள் போய் இறங்கினேன். திரும்ப முயன்றபோது விமானம் திரும்பவில்லை. மிதவையின் பின்முனையில் தண்ணீருக்குள் தொங்குகிற சுக்கானில் பாசி சுற்றியிருந்தது. புரொப்பெல்லர் சுற்றும்போது ஒருபோதும் மிதவையில் இறங்கக்கூடாது. ஆகவே எஞ்சினை நிறுத்தி, விமானத்தில் எப்போதும் வைத்திருக்கும் துடுப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, பாசியைச் சுரண்டி எடுத்தேன். இரண்டு நிமிட வேலை. திரும்பி ஏறி எஞ்சினைத் தட்டினால் அது பிடிக்கவில்லை. சூடான எஞ்சினுக்கு எரிபொருளை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்துவிட்டேன். அவசரம்தான். திரும்பத் திரும்ப முயன்று பற்றறியையும் களைக்கப் பண்ணினேன்.

ரேடியோவில் சொன்னேன். “எஞ்சின் பிடிக்கேல்லை. தீவுக்குப் பின்னாலை நிக்கிறன். கரைக்குத் தள்ளுது.”

“அங்கயே இருங்க, வந்துடறேன். நம்ம போட்டை ஓனர் எடுத்துட்டுப் போயிட்டாரு. பக்கத்து வீட்ல கேக்கறேன். கொஞ்சம் டைம் ஆகும்.”

வடக்குக் கரை முழுவதும் பாறை. மிதவையின் தகடு மெல்லியது. அலை ஒன்று தூக்கிப் பாறையில் போட்டால் கிழிந்துவிடும். மிதவையில் நின்று துடுப்புப் போட்டேன். கண் முன்னே படம் ஓடியது: தோளில் நாலு கோடு வைத்த கப்டன், ஒரு விமானத்தைத் தோணியைப் போலத் துடுப்புப் போடுகிறாள். ஒரு பக்கத்தில் போட்டால் மூக்கு மற்றப் பக்கம் திரும்பியது. மற்றப் பக்கத்துக்குத் தாண்டிப் போவதற்குள் காற்று இன்னும் கொஞ்சம் தள்ளியது. பாறைகள் இப்போது தண்ணீருக்குள்ளேயே தெரிந்தன, மஞ்சளாக, வழுவழுப்பாக.

யோசிக்க நேரம் இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன். இழுத்தால் காற்று நிரம்பும் உயிர்காப்புப் பையை இடுப்பில் இறுக்கிவிட்டு, மிதவையின் பின்முனையில் இருந்து தண்ணீருக்குள் இறங்கினேன். தண்ணீர் நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. குளிர் மூச்சைப் பிடுங்கி எடுத்தது. காலை ஒரு பாறை இடுக்கில் செருகி, முதுகைப் பெரிய பாறையில் சாய்த்து, இரண்டு கையாலும் மிதவையைப் பிடித்துத் தள்ளினேன். விமானம் நின்றது. நான் விட்டால் அது வரும். நான் விடாவிட்டால் என்னால் எங்கேயும் போகமுடியாது.

அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒவ்வொரு அலைக்கும் முழங்கை மடங்கியது. கைவிரல்களில் உணர்ச்சி போய்விட்டது. மற்ற மிதவை மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, வேறொரு பாறையை நோக்கி வரத் தொடங்கியது. அதற்கு என்னிடம் இன்னும் இரண்டு கை இருக்கவில்லை.

கரையில் மரங்களுக்கு நடுவே ஒரு கொட்டேஜ் இருந்தது. அதன் கதவு திறந்து, நீல நிறக் குளியல் அங்கியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். கையில் கோப்பிக் கோப்பை. பாறை விளிம்பில் நின்று விமானத்தையும் என்னையும் பார்த்தார்.

“உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“மற்ற மிதவையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.”

அவர் கோப்பையைப் பாறையில் வைத்தார். செருப்பைக் கழற்றாமல், அங்கியைக் கழற்றாமல், ஏதோ படி இறங்குவது போலத் தண்ணீருக்குள் நடந்து வந்து மற்ற மிதவையைப் பிடித்தார். அங்கி அவரைச் சுற்றி விரிந்து மிதந்தது.

“உள்ளே பதினொரு பேர் தூங்குகிறார்கள்,” என்றார். “என் பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள். எழும்பியதும் பான்கேக் கேட்பார்கள். இங்கே நிற்பது எனக்குச் சந்தோஷம்தான்.”

எனக்குப் பற்கள் அடித்துக்கொண்டன. ஆனாலும் சிரித்தேன். அவர் கதைத்துக்கொண்டே இருந்தார். விமானத்தில் என்ன செய்கிறேன் என்று கேட்டார். பயிற்சி என்றேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

“உங்களிடம்தான் பெரிய விமானம் இருக்கிறதே. பிறகு இது எதற்கு?”

அந்தக் குளிரில் பொய் சொல்லச் சக்தி இருக்கவில்லை. “தெரியாது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தபிறகும் முடியவில்லை,” என்றேன்.

அவர் தலையாட்டினார். “எனக்கு அப்படி வந்தபோது அக்கோர்டியன் வாசிக்கப் பழகினேன். வீட்டில் எல்லாருக்கும் அது இதைவிட மோசமாக இருந்தது.”

படகுச் சத்தம் கேட்டது. தீவைச் சுற்றிக்கொண்டு பயிற்சியாளர் வந்தார், பக்கத்து வீட்டுக்காரருடைய மீன்பிடிப் படகில். முகம் வெளிறியிருந்தது. தண்ணீருக்குள் குதித்து முதலில் மிதவையைத் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

“ஒரு கீறல்கூட இல்லைங்க்கா.”

“எனக்கு இருக்கு தம்பி.” முழங்கையைத் தூக்கிக் காட்டினேன். பாறை உரசி இரத்தம் வந்திருந்தது. நான் அதுவரை கவனிக்கவில்லை.

அவர் ஒன்றும் பேசவில்லை. எங்கள் அர்த்தத்திலும் பேசவில்லை, அவர்கள் அர்த்தத்திலும் பேசவில்லை. கயிறு கட்டி விமானத்தை மெதுவாகப் பாறைகளிலிருந்து இழுத்து எடுத்தோம். அந்தப் பெண் பாறையில் ஏறி அங்கியைப் பிழிந்தார். எஞ்சின் அதற்குள் ஆறியிருந்தது. பயிற்சியாளர் ஏறி, எரிபொருளை மூடிவைத்துத் தட்டினார். பற்றறி ஒரு முனகல் முனகியது. புரொப்பெல்லர் அரைச் சுற்று, இன்னொரு அரைச் சுற்று, பிறகு பிடித்துக்கொண்டது.

துறைக்கு வந்ததும் அவருடைய தடித்த சட்டையை எனக்குத் தந்தார். சூடாகத் தேநீர் குடித்தேன். “மிச்சம் ரெண்டை இன்னொரு நாள் பண்ணிக்கலாங்க்கா,” என்றார்.

“நாளைக்கு எனக்குச் சட்பரி.”

“அடுத்த வாரம்?”

“தம்பி, நான் இப்ப வீட்டை போனா இனி வரமாட்டன்.”

அதைச் சொல்லும்வரை அது உண்மை என்று எனக்கே தெரியாது. பயந்திருந்தேன். அவர் வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், என் கை நடுங்குகிறதா என்று பார்த்தார். இன்னொரு தேநீர் குடிக்க வைத்து, தலை துவட்ட வைத்து, நான் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, மத்தியானம் திரும்பியபிறகுதான் விட்டார். “குடாவுக்குள்ள போகாதீங்க. எஞ்சினை நிறுத்தாதீங்க.”

காற்று படுத்துவிட்டிருந்தது. நாலாவதில் ஏரியின் நடுவே மெல்லிய சிற்றலை மிச்சம் இருந்தது. ஐந்தாவதுக்குத் திரும்பியபோது அதுவும் இல்லை. கண்ணாடி. கரையை ஒட்டி, மரங்கள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினேன். மூக்கை வைத்தேன். விசையை வைத்தேன். பிறகு காத்திருந்தேன். மேகம் ஒன்று எனக்குக் கீழே மெல்லக் கிட்ட வந்தது. கை அசையப் பார்த்தது. அசைய விடவில்லை. காத்திருந்தேன். இன்னும் காத்திருந்தேன். இது முடியவே முடியாது என்று நினைத்தபோது, அடியில் யாரோ துணி கிழிப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. தண்ணீரில் இருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது காய்ந்த பாசி காலில் ஒட்டியிருந்தது. கணவர் முழங்கையைப் பார்த்து மருந்துப் பெட்டியை எடுத்து வந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டபடி பஞ்சால் துடைத்தார். கடைசியில், “அந்த மனிசி குளியல் அங்கியோடையோ இறங்கினது?” என்று மட்டும் கேட்டார். மகள் படிக்கட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மா, யூ ஜம்ப்ட் இன்?” என்றாள். ஓம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை அதற்கு முன் எந்தச் சீருடையில் நின்றபோதும் எனக்குக் கிடைத்ததில்லை.

தகுதி லைசன்ஸில் ஏறியது. சட்பரி அப்படியே இருந்தது. ஓகஸ்டில் பயிற்சியாளருக்கு ஒரு விமானக் கம்பனியில் வேலை கிடைத்து, துறையைவிட்டுப் போனார். அவர் ஃபோனில் சந்தோஷத்தில் கத்தியபோது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. கூடவே, இன்னும் சில வருடங்களில் இவரும் குசினிக்குப் பெயின்ற் அடிப்பாரோ என்றும் நினைத்தேன். விடுமுறை நாட்களில் அந்தச் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து மகளைக் கூட்டிக்கொண்டு பறந்தேன். அவள் துறையில் கயிறு பிடிக்கக் கற்றுக்கொண்டாள். என்னைவிட நன்றாகப் பிடித்தாள்.

ஒக்ரோபரில், ஏரி உறைவதற்கு முன், விமானங்களைத் தண்ணீரிலிருந்து கரைக்கு இழுக்கும் நாளில் உதவிக்குப் போனேன். சப்பாத்தெல்லாம் நனைந்து, இருட்ட முதல் வீட்டுக்கு வந்தேன். கணவர் குசினியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப, முடிஞ்சுதோ?” என்று கேட்டார். அவருடைய குரலில் ஒரு நிம்மதி இருந்தது. ஒரு லொறி கடைசியாக வந்து சேர்ந்துவிட்டது என்பது போல.

“மிதவையைக் கழட்டியாச்சு,” என்றேன். சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். “குளிர்காலத்திலை அதுக்கு ஸ்கீ, பனியிலை வழுகிற பலகை, பூட்டுவினமாம். உறைஞ்ச ஏரியிலை இறங்கலாமாம்.”

அவர் தோசையைப் புரட்டினார். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது. அதைத் தட்டில் போட்டு, என் பக்கம் தள்ளி வைத்தார்.

“அதுக்காவது பிரேக் இருக்குமோ?”

“இல்லையாம்,” என்றேன்.